தீப்பெட்டிக்குள் வந்த உண்ணி: அதற்குள் இருக்கும் பாக்டீரியாவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

போன பங்குனியில் விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய லைன் வீடு. வந்து பையைக்கூட இறக்கவில்லை, பக்கத்து வீட்டு அத்தை ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்து கையில் வைத்தார். உள்ளே பஞ்சின் மேல் ஓர் உண்ணி. இரண்டு நாளைக்கு முன் அவர் கொழுந்து பறித்த சரிவில் காட்டெருமைகள் இறங்கிப் படுத்துவிட்டுப் போயிருக்கின்றன. மறுநாள் குளிக்கும்போது முழங்கால் மடிப்பில் இது கடித்துக்கொண்டு இருந்ததாம்.

"நீதான் கோயமுத்தூர்ல லேப்ல வேலை பார்க்கிறியே கண்ணு, இதுக்குள்ள என்ன கிருமி இருக்குன்னு பார்த்துச் சொல்லேன்" என்றார்.

கேள்வி ஒரு வரிதான். ஆனால் அதற்குள் நான்கு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இதற்குள் பாக்டீரியா இருக்கிறதா? இருந்தால் அது எது? அது உண்ணியின் சொந்தக் குடியா, குடித்த ரத்தத்தோடு வந்த வழிப்போக்கனா? கடித்தால் அது நமக்குள் வருமா? ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சோதனை இருக்கிறது. ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எடுத்துக்கொள்வதால்தான் வீண் பயமும் வருகிறது, வீண் தைரியமும் வருகிறது. அதை அத்தைக்குச் சொன்ன மாதிரியே இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் உண்ணி

உண்ணி பூச்சி இல்லை. பூச்சிக்கு ஆறு கால். வளர்ந்த உண்ணிக்கு எட்டு. சிலந்தி, தேள் வகையறா. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு மட்டும் ஆறு கால் இருக்கும். அது ஒரு முறை ரத்தம் குடித்துத் தோலுரித்தால் எட்டுக்கால் இளம் உண்ணி. அது மறுபடி குடித்துத் தோலுரித்தால் முழு உண்ணி. நம் காட்டில் இருக்கும் உண்ணிகளில் பெரும்பாலானவை இந்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு விலங்கைப் பிடிப்பவை. குஞ்சுப் பருவத்தில் எலியோ தரையில் மேயும் பறவையோ, இளம் பருவத்தில் குரங்கோ முயலோ, வளர்ந்தபின் கடமானோ காட்டெருமையோ. ஆக வாழ்நாள் முழுக்க மூன்றே மூன்று சாப்பாடு. நடுவில் மாதக்கணக்கில் பட்டினி. இந்த மூன்று சாப்பாட்டுக் கணக்கை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பசித்த உண்ணி புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். அந்த முன்னங்கால்களில் ஹாலர் உறுப்பு என்று ஒரு சிறு குழி உண்டு. நாம் விடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு, உடம்புச் சூடு, வாடை எல்லாவற்றையும் அதில்தான் அறிகிறது. காலோ கொம்போ உரசிய நொடியில் தொற்றிக்கொள்ளும். மசினகுடிப் பக்கம் காடு முழுக்க மண்டிக் கிடக்கும் லான்டானாவுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே உண்ணிச்செடி என்பது இங்கே நினைவுக்கு வருகிறது.

ஒட்டியபின் முள் வைத்த வாய்க்குழலை இறக்கி, பல உண்ணிகள் பசை போன்ற ஒன்றையும் சுரந்து ஒட்டிக்கொள்ளும். நாள்கணக்கில் குடிக்கும். பெண் உண்ணி குடித்து முடிக்கையில் எடை நூறு மடங்கு வரை கூடும். எள் அளவு இருந்தது கொட்டமுத்து அளவுக்கு வந்துவிடும். கொட்டமுத்து என்றுதான் கொங்குப் பக்கம் ஆமணக்கு விதையைச் சொல்வார்கள். ஆமணக்கின் அறிவியல் பெயரான ரிசினஸ் என்பதும் லத்தீனில் உண்ணிதான். விதையைப் பார்த்து வைத்த பெயர். ஒரே ஒற்றுமையை எத்தனை ஊர்க் கண்கள் பார்த்திருக்கின்றன!

குடிக்கும்போது ரத்தம் உறையாமலும் கடித்த இடம் வலிக்காமலும் இருக்க உண்ணி எச்சிலை விட்டுக்கொண்டே இருக்கும். பாக்டீரியா நமக்குள் வருவது பெரும்பாலும் அந்த எச்சிலோடுதான்.

உள்ளே யார் யார் இருக்கலாம்?

1906இல் அமெரிக்காவில் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் என்ற மருத்துவர், மலைப்பகுதியில் ஆட்களைக் கொன்ற ஒரு புள்ளிக் காய்ச்சலை உண்ணி பரப்புகிறது என்று கினிப் பன்றிகளில் காட்டினார். நான்கு ஆண்டு கழித்து, டைஃபஸ் காய்ச்சலை ஆராயப் போன மெக்சிகோ நகரில் அதே காய்ச்சல் வந்து இறந்துபோனார். அந்தக் கிருமிக் குடும்பத்துக்கு அவர் பெயரால் ரிக்கெட்சியா என்று பெயர். இந்தியாவில் உண்ணி டைஃபஸ் என்று சொல்லப்படும் காய்ச்சலுக்கு இதே குடும்பத்தின் ரிக்கெட்சியா கொனோரி காரணம். அதைச் சுமப்பதில் முக்கியமானது வீட்டு நாயின் மேல் இருக்கும் பழுப்பு உண்ணி.

அப்புறம் எர்லிக்கியா, அனாபிளாஸ்மா. இவை ரத்த அணுக்களுக்குள் குடியிருப்பவை. நாய்க்கும் மாட்டுக்கும் வரும் உண்ணிக் காய்ச்சல்களில் இவற்றின் பங்கு பெரிது. கியூ காய்ச்சல் தரும் காக்சியெல்லா ஒன்று. குளிர்நாடுகளில் லைம் நோய் தரும் பொரெலியா ஒன்று. 1980களின் தொடக்கத்தில் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணியின் குடலுக்குள் பார்த்துக் கண்டுபிடித்தது அது.

இவை எல்லாம் நோய் தருபவை. ஆனால் உண்ணிக்குள் நோய்க்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத பாக்டீரியாவும் உண்டு, பெரும்பாலும் அதுதான் அதிகம். ரத்தத்தில் பி வைட்டமின்கள் போதாது. ரத்தத்தை மட்டுமே குடித்து வாழும் உயிருக்கு அவற்றைச் செய்துகொடுக்க உள்ளே ஒரு சமையல்காரர் வேண்டும். காக்சியெல்லாவின் உறவுக்காரப் பாக்டீரியாவும், ஃபிரான்சிசெல்லா என்ற இன்னொரு பாக்டீரியாவின் உறவுக்காரப் பாக்டீரியாவும் பல உண்ணிகளில் அந்த வேலையைச் செய்கின்றன. ஆன்டிபயாட்டிக் கொடுத்து அவற்றை அழித்தால் உண்ணி சரியாக வளர்வதில்லை, முட்டையிடுவதும் தடுமாறிப்போகிறது. தாய் உண்ணி இவற்றைத் தன் முட்டை வழியாகவே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடும்.

கெட்ட காக்சியெல்லாவும் சமையல்கார காக்சியெல்லாவும் நெருங்கிய சொந்தம் என்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

காட்டிலிருந்து குப்பிக்கு

காட்டு விலங்கின் மேலிருக்கும் உண்ணியை நினைத்தபடி போய்ப் பிடுங்க முடியாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் தருவது அது. அனுமதி உள்ள குழுவும் உண்ணிக்காக ஒரு கடமானைத் துரத்துவதில்லை. வேறு காரணத்துக்காக மயக்க ஊசி போட்ட விலங்கு, அடிபட்டோ நோயிலோ இறந்து பிரேதப் பரிசோதனைக்கு வந்த விலங்கு, இவற்றிலிருந்துதான் எடுப்பார்கள். காதின் உட்புறம், கழுத்து மடிப்பு, தொடை இடுக்கு, வால் அடி. தோல் எங்கே மெல்லிசோ அங்கே.

இன்னொரு வழி வெள்ளைத் துணி. ஒரு மீட்டர் சதுரத் துணியைப் புல்லின் மேல் மெதுவாக இழுத்துப் போவார்கள். விலங்கு என்று நினைத்து உண்ணி ஏறிக்கொள்ளும். பத்தடிக்கு ஒரு தரம் துணியைத் திருப்பிப் பார்ப்பது. முதன்முறை பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணைத் துணிக்குப் பக்கத்தில் கொண்டுபோனால், கசகசா கொட்டியது போல் இருந்த இடம் மெல்ல நகரும். அதுதான் உண்ணிக் குஞ்சுக் கூட்டம்.

எடுத்ததும் ஆல்கஹால் குப்பிக்குள். குப்பிக்குள்ளேயே ஒரு துண்டுக் காகிதம்: தேதி, இடம், எந்த விலங்கு, உடம்பில் எந்த இடம். பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்து போய்விடும். நல்ல மாதிரிகள் ஊர் பெயர் அழிந்து அநாதையாகக் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உண்ணியைச் சோதிப்பதில் பாதிப் பயன் போய்விடுகிறது.

ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை பாக்டீரியாவைத் தேடுவது இல்லை. இது எந்த உண்ணி என்று சொல்வது. நுண்ணோக்கியின் அடியில் வைத்து முதுகுக் கேடயம், வாயுறுப்பின் நீளம், உடம்பு விளிம்பின் மடிப்புகள் எல்லாம் பார்ப்பார்கள். ஆணுக்குக் கேடயம் முதுகு முழுக்க இருக்கும். பெண்ணுக்கு முன்பாதி மட்டும். பின்பாதி ரத்தம் குடித்து உப்புவதற்கு விட்டிருக்கும் இடம். ஹீமாபைசாலிஸ், ரிப்பிசெஃபாலஸ், ஆம்ப்ளியோமா, ஹையலோமா என்று நம் நாட்டில் பல பேரினங்கள் உண்டு. குஞ்சுகளையும், உப்பி உருமாறிப்போன பெண்களையும் கண்ணால் பிரிப்பது கடினம், அதற்கு உண்ணியின் சொந்த ஜீனைப் படிப்பார்கள்.

பழைய வழி: ஒரு கால், ஒரு சொட்டு

ஜீன் படிக்கும் காலத்துக்கு முன் எப்படிப் பார்த்தார்கள்? எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று. உயிருள்ள உண்ணியைப் பிடித்து ஒரு காலின் நுனியை மட்டும் கத்தரிப்பார்கள். வெட்டிய இடத்தில் தெளிவான ஒரு சிறு சொட்டு துளிர்க்கும். அதுதான் உண்ணியின் உடல்நீர். அதைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, காயவைத்து, ஹிமெனெஸ் சாயம் ஏற்றினால், பச்சைப் பின்னணியில் ரிக்கெட்சியா சிவப்புச் சிவப்பாகத் தெரியும். உண்ணி ஒரு கால் நுனியை இழந்ததோடு உயிர் பிழைத்துக்கொள்ளும். அதனால் அதை வைத்திருந்து மேற்கொண்டு சோதிக்கவும் முடியும். 1970இல் இந்த முறையை எழுதி வைத்தவரும் மேலே சொன்ன அதே பர்க்டார்ஃபர்தான்.

அழகான சோதனை. ஆனால் "சிவப்பாக ஏதோ இருக்கிறது" என்பதைத் தாண்டி அது சொல்லாது. எந்த ரிக்கெட்சியா என்று உருவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

வளர்த்துப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். தயிர் உறையும் பாக்டீரியா மாதிரி இவை தட்டில் வளராது. ரிக்கெட்சியா, எர்லிக்கியா எல்லாம் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். கோழிக் கருவின் மஞ்சள்கருப் பையிலோ, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் செல்களிலோதான் வளர்க்க வேண்டும். அதற்கு உயர் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் வேண்டும், வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். அதனால் இப்போது பெரும்பாலோர் போகும் வழி டி.என்.ஏ.

ரேஷன் கார்டு போன்ற ஒரு ஜீன்

உண்ணியை முதலில் கழுவ வேண்டும். தோலில் ஒட்டிய மண்ணிலும் மான் முடியிலும் இருக்கும் பாக்டீரியா கணக்கில் சேரக் கூடாது. நீர்த்த பிளீச், ஆல்கஹால், சுத்தமான நீர் என்று வரிசையாக அலசி, பிறகு பிளேடால் நறுக்கி அரைத்து, புரோட்டீனைக் கரைக்கும் நொதியோடு 56 டிகிரியில் ஓர் இரவு ஊறவிடுவோம். காலையில் பார்த்தால் ஓடு மட்டும் கண்ணாடி போல் மிதக்கும். மற்றதெல்லாம் கரைந்திருக்கும். அந்தக் கரைசலிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுப்போம்.

இப்போது குழாயில் இருப்பது கலவை. உண்ணியின் டி.என்.ஏ., கடமானின் டி.என்.ஏ., நடுவே கொஞ்சமே கொஞ்சம் பாக்டீரியாவின் டி.என்.ஏ. அந்தக் கொஞ்சத்தை மட்டும் பெருக்க வேண்டும். கொரோனா காலத்தில் எல்லோர் வாயிலும் புழங்கிய பி.சி.ஆர். அதற்குத்தான். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். ஆறவிட்டால், நாம் போட்ட பிரைமர் என்ற சிறு துண்டு தனக்குப் பொருந்தும் இடத்தில் போய் ஒட்டும். 72 டிகிரியில் நொதி அங்கிருந்து நகலெடுக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்று இரண்டாகும். 30 சுற்று போனால் கணக்குப்படி ஒன்று 107 கோடியைத் தாண்டும்.

சரி, பிரைமர் எங்கே ஒட்ட வேண்டும்? உள்ளே எந்தப் பாக்டீரியா என்றே தெரியாதபோது எந்த இடத்தைத் தேடுவது?

ரேஷன் கார்டை நினைத்துப் பாருங்கள். குடும்பத் தலைவர், தந்தை பெயர், முகவரி என்ற அச்சிட்ட தலைப்புகள் எல்லாக் கார்டிலும் ஒன்றுதான். தலைப்புக்குப் பக்கத்தில் நிரப்பியிருப்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும். எல்லாப் பாக்டீரியாவிடமும் 16 எஸ் என்று ஒரு ஜீன் உண்டு. புரோட்டீன் செய்யும் ரைபோசோமின் ஒரு பாகத்துக்கான ஜீன். சுமார் 1,500 எழுத்து நீளம். அதில் சில பகுதிகள் அச்சிட்ட தலைப்பு போல எல்லாப் பாக்டீரியாவிலும் ஏறக்குறைய மாறாமல் இருக்கும். நடுநடுவே ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். மாறாத இடத்தில் பிரைமரை ஒட்டவைத்து, நடுவில் மாறும் இடத்தைப் படித்தால் போதும். கார்டு யாருடையது என்று தெரியாமலேயே பெயரைப் படித்துவிடலாம். ரைபோசோமின் இந்தப் பாகத்தை வைத்து உயிர்களின் உறவுமுறையையே புதிதாக வரைந்தவர் கார்ல் வூஸ், 1977இல்.

முன்பு ஒரு குழாய்க்கு ஒரு ஜீன்துண்டைத்தான் படிக்க முடிந்தது. இப்போதைய கருவிகள் ஓர் உண்ணிக்குள் இருக்கும் கலவை முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான துண்டுகளைத் தனித்தனியே படித்து, இது இத்தனை, அது இத்தனை என்று பட்டியல் போட்டுக் கொடுத்துவிடுகின்றன.

இங்கே என் முதல் வருட அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு குழாயில் உண்ணியே போடாமல் வெறும் நீரை மட்டும் வைத்து எல்லாப் படிகளையும் செய்வோம். அதில் ஒன்றும் வரக் கூடாது. அன்று, பெருக்கிய டி.என்.ஏ.வை ஓடவிட்டுப் பார்க்கும் ஜெல்லைப் புற ஊதா ஒளியில் வைத்தபோது, நீர் போட்ட தடத்தில் பளிச்சென்று ஒரு கோடு. மற்ற 22 தடங்களிலும் அதே உயரத்தில் கோடு. உண்ணியில் இருந்ததா, என் கையுறையிலிருந்து வந்ததா, பிரித்தெடுக்கும் மருந்திலேயே இருந்ததா என்று சொல்ல வழியில்லை. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து செய்தோம். மண்ணிலும் நீரிலும் தோலிலும் இருக்கும் பாக்டீரியா எங்கும் நுழையும். அதனால் உண்ணியின் பாக்டீரியாப் பட்டியல் எதைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது, நீர்க் குழாயில் என்ன வந்தது என்பதைத்தான்.

பெயர் வைப்பதில் உள்ள சிக்கல்

படித்த எழுத்துகளை உலகப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிடுவார்கள். "இதோடு 99.4 விழுக்காடு ஒத்துப்போகிறது" என்று விடை வரும். பலர் அங்கேயே பெயரை எழுதிவிடுகிறார்கள். அங்கேதான் நின்று யோசிக்க வேண்டும் என்பேன்.

நீலகிரியில் தும்மனட்டி, பெட்டட்டி என்று அட்டியில் முடியும் பெயரைக் கேட்டதும் படுகர் ஊர் என்று புரிந்துவிடும். ஆனால் "அட்டிக்கு ஒரு டிக்கெட்" என்று கேட்டால் கண்டக்டர் எங்கே இறக்கிவிடுவார்? 16 எஸ் ஜீனும் ரிக்கெட்சியாவில் அப்படித்தான். அந்தப் பேரினத்தின் எந்த இரண்டு இனத்தை எடுத்தாலும் இந்த ஜீன் 98 விழுக்காட்டுக்கு மேல் ஒன்றாக இருக்கும். அதிலும் ஜீனின் ஒரு சிறு பகுதியை மட்டும் படித்திருந்தால், கொல்லும் ரிக்கெட்சியாவும் சும்மா இருக்கும் ரிக்கெட்சியாவும் ஒரே மாதிரி தெரியும். "ரிக்கெட்சியா குடும்பத்தது" என்பது வரைதான் அது சொல்லும்.

ஊரின் முழுப்பெயர் வேண்டுமானால் வேகமாக மாறும் வேறு ஜீன்களைப் படிக்க வேண்டும். ரிக்கெட்சியாவுக்கு சிட்ரேட் சிந்தேஸ் ஜீன், வெளிச்சவ்வுப் புரோட்டீன்களின் ஜீன்கள் என்று நான்கைந்து உண்டு. அவற்றில் குறைந்தது இரண்டு மூன்று ஒரே பக்கம் கைகாட்டினால்தான் இனத்தின் பெயரை நம்பி எழுதலாம். காக்சியெல்லாவிலும் இதே கவனம் வேண்டும். கியூ காய்ச்சல் கிருமிக்கு மட்டுமே உரியது என்று நம்பிப் பயன்படுத்தி வந்த ஒரு டி.என்.ஏ. துண்டு, சமையல்காரச் சொந்தங்கள் சிலவற்றிலும் இருப்பது பின்னால் தெரியவந்தது.

தரவுத்தளத்தில் யாருமே பதியாத பாக்டீரியாவாக இருந்தால்? கருவி "தெரியாது" என்று சொல்லாது, இருப்பதில் நெருங்கியதைச் சொல்லும். புதிதாக ஒன்று கிடைத்து, அதை இன்னும் வளர்த்துக் காட்டவில்லை என்றால், பெயருக்கு முன் கான்டிடேட்டஸ் என்று சேர்ப்பார்கள். வேட்பாளர் என்று அர்த்தம். பெயர் இன்னும் வெற்றி பெறவில்லை, போட்டியில்தான் இருக்கிறது.

உள்ளே இருப்பதும் ஊசி போடுவதும்

எனக்கு இந்தத் துறையில் ஆகப் பிடித்த தர்க்கம் இது. பொறுமையாகப் பாருங்கள்.

கடமானின் காதிலிருந்து எடுத்த, ரத்தம் குடித்து உப்பிய உண்ணியில் அனாபிளாஸ்மா கிடைக்கிறது. அனாபிளாஸ்மா யாருடையது? கடமானின் ரத்தத்தில் இருந்து, உண்ணியின் வயிற்றுக்குப் போய், அங்கே செத்துக்கொண்டிருக்கலாம். பி.சி.ஆர். செத்த பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் பெருக்கும். ஆக அந்த முடிவு கடமானைப் பற்றி ஒன்று சொல்கிறது, உண்ணியைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

வெள்ளைத் துணியில் ஏறிய, வயிறு ஒட்டிய முழு உண்ணியில் அதே அனாபிளாஸ்மா கிடைத்தால் கதை வேறு. அந்த உண்ணி கடைசியாகச் சாப்பிட்டது இளம் பருவத்தில். அதன்பின் தோலுரித்து, உள்ளுறுப்புகள் மாறி, வாரமோ மாதமோ பட்டினி கிடந்திருக்கிறது. அத்தனையையும் தாண்டிப் பாக்டீரியா நிலைத்திருக்கிறது என்றால், அது உண்ணிக்குள் வாழத் தெரிந்த ஒன்று.

இன்னும் ஒரு படி போவோம். துணியில் ஏறியது ஆறுகால் குஞ்சு. அது பிறந்ததிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அதற்குள் ரிக்கெட்சியா இருந்தால் எங்கிருந்து வந்திருக்கும்? தாயிடமிருந்துதான், முட்டை வழியாக. ரிக்கெட்சியாக்கள் பல இப்படிப் பரம்பரையாக இறங்குபவை. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும் என்பதையும் சேர்த்து நினைத்தால் இதன் கனம் தெரியும். ஒன்றும் குடிக்காத குஞ்சின் கால்தூசி போன்ற உடம்பு, உப்பிய பெரிய உண்ணியைவிட நிறையச் சாட்சி சொல்லிவிடுகிறது.

ஆனாலும் கடித்தால் நமக்கு வருமா என்பதற்கு அதுவும் விடை இல்லை. எச்சில் சுரப்பியைத் தனியே பிரித்தெடுத்து அதில் பாக்டீரியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணி கடித்த விலங்குக்குத் தொற்று வருகிறதா என்று கட்டுப்பாட்டோடு சோதிக்க வேண்டும். அதையெல்லாம் செய்தபின்தான் "பரப்புகிறது" என்ற சொல்லை எழுதலாம். அதுவரை எழுதக்கூடியது "சுமக்கிறது" மட்டுமே.

எண்ணிக்கையிலும் ஒரு வழுக்கல் உண்டு. இளம் உண்ணிகள் மிகச் சிறியவை என்பதால் பத்தைப் பத்தாகச் சேர்த்து அரைப்பார்கள். 200 உண்ணி, 20 குழாய். அதில் 5 குழாயில் ரிக்கெட்சியா வந்தது என்று வைத்துக்கொள்வோம். "25 விழுக்காடு உண்ணிகளில் கிருமி" என்று எழுதினால் தவறு. ஒரு குழாய்க்குக் குறைந்தது ஓர் உண்ணி என்பதுதான் தெரியும். 200க்கு 5, அதாவது குறைந்தபட்சம் 2.5 விழுக்காடு. செய்தி படிக்கும்போது குழாய்க் கணக்கா உண்ணிக் கணக்கா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

இந்த வலையில் சிக்காதவை

செய்தித்தாளில் உண்ணிக் காய்ச்சல் என்று வருவது பல சமயம் ஸ்க்ரப் டைஃபஸ். அதைத் தரும் ஓரியன்ஷியா என்ற பாக்டீரியா ரிக்கெட்சியாவின் உறவு. ஆனால் அதைப் பரப்புவது இந்த உண்ணி இல்லை. கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. புதர் மண்டிய இடத்தில் தரையை ஒட்டி இருக்கும். மேலே சொன்ன உண்ணியை எத்தனை அரைத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது, தேட வேண்டிய உயிரே வேறு.

குரங்குக் காய்ச்சல் இன்னொன்று. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் கண்டறிந்த நோய். ஹீமாபைசாலிஸ் உண்ணிதான் பரப்புகிறது. 2012இல் முதுமலையை ஒட்டிய பந்திப்பூரிலும் தென்பட்டது. ஆனால் அது வைரஸ். வைரஸிடம் 16 எஸ் ஜீனே கிடையாது. பாக்டீரியாப் பட்டியலில் ஒன்றும் இல்லை என்று வந்த உண்ணிக்குள்ளும் அது இருக்கலாம். காட்டில் குரங்குகள் இறந்து கிடப்பதைப் பார்த்தால் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று அங்கங்கே சொல்வது இதனால்தான்.

அத்தையின் உண்ணி

தீப்பெட்டியிலிருந்த உண்ணியை லென்ஸில் பார்த்தேன். பெண். அரைவயிறு குடித்திருந்தது. அந்த அரைவயிற்று ரத்தம் அத்தையுடையதுதான். அதற்கு முன் இளம் பருவத்தில் அது எந்த விலங்கில் குடித்ததோ, அந்த விலங்கு இந்தக் காட்டெருமையாக இருக்க வேண்டியதே இல்லை. காட்டெருமை அதைத் தோட்டம் வரை சுமந்துவந்திருக்கலாம். அவ்வளவுதான்.

"சோதிச்சு முடிக்க வாரக்கணக்காகும் அத்தை. கிருமி இருக்குன்னு வந்தாலும் உங்களுக்கு வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இல்லைன்னு வந்தாலும் நிம்மதியா இருந்துட முடியாது, வேற ஏதாவது ஒண்ணு கடிச்சு உங்க கண்ணுக்குப் படாம இருந்திருக்கலாம். அதனால உண்ணியப் பார்க்காம உங்க உடம்பப் பாருங்க" என்றேன்.

கடித்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, உடம்பில் சிவப்புப் புள்ளி, கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்புப் பொருக்கு, இவற்றில் எது வந்தாலும் மருத்துவரிடம் போய், உண்ணி கடித்தது என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொன்னேன். ரிக்கெட்சியாக் காய்ச்சல்களுக்கு டாக்சிசைக்ளின் என்ற மருந்து நன்றாகக் கேட்கும், சீக்கிரம் தொடங்கினால். ஆய்வுக்கூட முடிவுக்காகக் காத்திருக்காமல் மருத்துவர் அதைத் தொடங்குவதும் உண்டு. தோட்ட வேலை என்று நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்ற வாய்ப்புக் குறைவு.

அவர் எப்படி எடுத்தார் என்று கேட்டேன். மண்ணெண்ணெய் தடவி, ஊதுபத்தியால் சுட்டு, பிறகு பிய்த்தாராம். அப்படிச் செய்தால் உண்ணி திணறி, வயிற்றில் இருப்பதையும் எச்சிலையும் காயத்துக்குள் விட்டுவிடக் கூடும். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டி, வாய்ப்பகுதியில் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். விரலால் நசுக்கக் கூடாது. எடுத்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

கோயமுத்தூருக்குத் திரும்பும்போது ஒரு சின்ன இடுக்கியும், ஆல்கஹால் ஊற்றிய நான்கைந்து குப்பிகளும், ஒரு பென்சிலும் அத்தையிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சித்திரை கடைசியில் ஒரு குப்பி வந்தது. உள்ளே மூன்று உண்ணி. காகிதத்தில் அவர் பேத்தியின் கையெழுத்தில்: "சித்திரை 22. மேல் டிவிஷன், ஓடைப் பக்கம். நாய் காது."